யேசடியாளைக் கூப்பிட்டு நீ எழுதியதற்கு

மகனே,

எப்போதும் "கர்த்தருக்குள் சுகம், உன் சுகத்துக்கு எழுது" என்று தொடங்குவேன். இந்த முறை அதை எழுதப் போனால் கை ஓடவில்லை. பேனாவை வைத்துவிட்டுப் போய் ஆட்டுக்குத் தழை போட்டேன், முற்றம் தூத்துப் பெருக்கினேன், திரும்ப வந்து உட்கார்ந்தேன். அப்போதும் ஓடவில்லை. நான் சுகமாக இல்லை, நீ சுகமாக இருக்கிறாய் என்பது உன் கடிதத்திலேயே தெரிகிறது, ஆகையால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். இதை உனக்கு மட்டும் எழுதுவதாக நினைக்காதே. கடலுக்கு அக்கரையில், இலங்கையில் இருந்துகொண்டு பெண்டாட்டியைக் கூப்பிடுகிற பிள்ளைகள் நம் சபையில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுடைய அம்மைமாரும் கேட்கட்டும் என்று, தபாலில் போடுவதற்கு முன்னால் மாதர் கூட்டத்தில் உரக்க வாசிக்கப் போகிறேன். யேசடியாளிடம் கேட்டுவிட்டேன். "வாசியுங்கோ மாமி, எல்லாருக்கும் தெரியட்டும்" என்று சொல்லிவிட்டாள்.

தேயிலைத் தோட்டத்தில் உன்னைப் பெரிய கிளாக்கர் ஆக்கியிருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். பலகைத் தரை போட்ட வீடு, குளிருக்கு அடுப்பு, வாசலில் ரோஜாச் செடி. குடும்பத்தைக் கூப்பிட்டுக்கொள்ள துரை உத்தரவு கொடுத்துவிட்டார். எனக்கும் அவளுக்குமாக இரண்டு உத்தரவுச் சீட்டுகளைக் கடிதத்துக்குள் வைத்திருக்கிறாய். இந்தத் தடவை கப்பல் ஏறுகிற மண்டபம் முகாமில் யாரும் தடுக்கமாட்டார்கள், ரயிலில் மெத்தை போட்ட பெட்டியில் வரலாம் என்கிறாய். எல்லாம் சரி. கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறாய் பார், அதற்குத்தான் இந்தப் பதில். யேசடியாள் உன் முறையான மனைவி என்றும், ஒழுங்காகக் கர்த்தருடைய இராப்போஜனத்தில் பங்குபெறுகிறவள் என்றும் நம்முடைய சபைப் போதகர் ஐயரிடம் சான்று எழுதி வாங்கி அனுப்பச் சொல்லியிருக்கிறாய். அங்கே புதிதாக வந்திருக்கும் ஐயர் கண்டிப்பானவராம், இதெல்லாம் கேட்பாராம். உனக்குக் கூச்சம் என்பதே இல்லையா? இந்த வரியை எழுதும்போது உன் கை கொஞ்சமாவது நடுங்கியதா என்று எழுத்தை உற்று உற்றுப் பார்த்தேன். நன்றாக, குண்டு குண்டாக, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய அதே கையெழுத்தாக இருந்தது.

உன் அப்பா இறந்துபோனபோது உனக்குப் பால்பல் விழவில்லை. வெள்ளைக்கார மிசியம்மா வீட்டு வராந்தாவில் மற்றப் பெண்களோடு உட்கார்ந்து லேஸ் பின்னி உன்னை நாகர்கோவிலில் படிக்க வைத்தேன். அதைச் சொல்லிக்காட்ட எழுதவில்லை, எல்லா அம்மைமாரும் செய்கிறதுதான். சொல்ல வந்தது வேறு. தக்கலைச் சந்தையில் கருப்பட்டி விற்கிறவருடைய மகள் என்று யேசடியாளை நீ முதலில் வேண்டாம் என்றாய். பெண்ணைப் பார்த்ததும் சம்மதித்துவிட்டாய். கல்யாணமாகி அந்த மழைக்காலம் முடிவதற்குள் கண்டிச்சீமையில் கணக்கப்பிள்ளை வேலை கிடைத்தது என்று கிளம்பினாய். பஸ் ஏறும்போது அவளைப் பார்த்து, "வீடு கிடைச்ச உடனே கூப்பிடுவேன், கேட்டியா" என்றாய். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு மூன்று வருஷம் என்னோடு இருந்தாள்.

அந்த வருஷங்களை நீ அறியமாட்டாய். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கோவில் விட்டு வெளியே வந்தால் யாராவது ஒருத்தி பிடித்துக்கொள்வாள். "ஏட்டி, உனக்க மாப்பிள எப்பம் கூப்பிடுவாரு? அங்க வேற ஆளு இருக்கா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். இவளும் சிரித்துக்கொண்டே, "வீடு கெடைக்கண்டாமா அக்கா" என்பாள். வீட்டுக்கு வந்து மரச்சீனிக் கிழங்கைத் தோலுரிக்கும்போது பார்த்தால் கிழங்கில் பாதி தோலோடு போயிருக்கும். நீயோ ஒரு கடிதத்தில் வீடு இல்லை என்பாய், மறு கடிதத்தில் துரை ஊருக்குப் போயிருக்கிறார் என்பாய், அதற்கடுத்ததில் குளிர் அதிகம் என்பாய். குளிர் என்றால் இரண்டு பேராக இருந்தால் நல்லதுதானே என்று நான் எழுதினேன். என்னைப் போல ஒரு மாமியார் அப்படி எழுதலாமா என்று நீ கோபப்பட்டு இரண்டு மாதம் கடிதமே போடவில்லை.

பிறகு ஒரு நாள் கங்காணி வந்தார். உன் தோட்டத்துக்கு ஆள் சேர்க்க ஊர் ஊராகப் போகிறவர். உன் பெயரைச் சொல்லி, மடியிலிருந்து ஒரு தகர வில்லையை எடுத்துக் கொடுத்தார். வட்டமாக, நடுவில் ஓட்டையோடு, எண் குத்தியிருந்தது. "இது கழுத்துல கெடந்தா போதும் அம்மா, தோட்டத்து வாசல் வரைக்கும் ஒரு சல்லி செலவில்ல. உங்க மகன்தான் குடுத்துவிட்டாரு" என்றார். அதை என்னவென்று நினைத்தேன் தெரியுமா? உத்தியோகக்காரர் வீட்டுப் பெண்களுக்குத் தோட்டம் கொடுக்கிற அடையாளம் என்று நினைத்தேன். நம் ஊரிலிருந்து கூலிக்குப் போனவர்கள் உண்டு. ஆனால் திரும்பி வந்தவர்கள் யாரும் அந்தத் தகரத்தை எங்களிடம் காட்டியதில்லை, காட்டக்கூடிய பொருளா அது? நான் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினேன். வழியனுப்பு ஜெபத்துக்கு ஊரைக் கூப்பிட்டேன். நம் உபதேசியார் அதை உள்ளங்கையில் வைத்து, "இந்த அடையாளத்தோடு போகிற உம்முடைய அடியாளைக் காத்தருளும்" என்று உருகி ஜெபித்தார். பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து தொட்டுப் பார்த்தார்கள். கேள்வி கேட்டுக் கேட்டு அவள் உயிரை வாங்கினவர்களுக்கெல்லாம் முகம் சிறுத்துப் போனதைப் பார்த்து எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. யேசடியாள் அதைக் கறுப்புக் கயிற்றில் கோத்துத் தாலியோடு சேர்த்துப் போட்டுக்கொண்டாள். நாங்கள் தெரியாமல் செய்தோம். நீ தெரிந்து அனுப்பினாய்.

தெரிந்தது மண்டபத்தில். அவளைக் கப்பல் ஏற்றிவிட்டு வரலாம் என்று நானும் கூடப் போயிருந்தேன் அல்லவா. முகாம் வாசலில் இரண்டு வரிசை. ஒன்றில் கடைக்காரர்கள், குமாஸ்தாக்கள், கையில் குடையோடு. இன்னொன்றில் கங்காணிமார் கூட்டி வந்த ஆட்கள். நான் இவளைக் குடைக்காரர்கள் வரிசையில் நிறுத்தினேன். ஒருவன் வந்து கழுத்தைப் பார்த்துவிட்டு, "தகரம் போட்டவங்க அந்தப் பக்கம்" என்றான். "தம்பி, இவ தோட்டத்துக் கணக்கப்பிள்ளைக்க பெண்டாட்டியாக்கும்" என்றேன். அவன் சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. "கணக்கப்பிள்ளை பெண்சாதிக்குத் தகரம் எதுக்கும்மா? தகரம் போட்டா கூலி. நம்பரு ஏறியாச்சு" என்று மட்டும் சொன்னான். கங்காணியைப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் பார்த்தார்.

உள்ளே அவள் சீலையை அவிழ்த்துத் தரச் சொல்லி, ஆவியில் வேகவைத்துக் கசங்கலாகத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். கல்யாணச் சீலை அது. அது வருகிறவரைக்கும் ஒரு சாக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு வரிசையில் நின்றிருக்கிறாள். என் அம்மை சிறு பெண்ணாக இருந்தபோது, மார்பின்மேல் ஒரு சீலை போட்டதற்காக மேல்சாதிக்காரர்கள் அதைச் சந்தையில் வைத்துக் கிழித்தார்கள். அதற்குப் பயந்து நம் பெண்கள் போடாமல் இருந்துவிடவில்லை. அடிபட்டு, வீடு எரிபட்டு, மறுபடியும் போட்டுக்கொண்டார்கள். அப்படி வந்த வீட்டின் மருமகளை நீ ஒரு ரயில் சத்தக் காசை மிச்சம் பிடிப்பதற்காக அந்த வரிசையில் நிற்க வைத்தாய். தொற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க அவளை உள்ளே அடைத்து வைத்திருந்த நாள்களில் நான் வெளியே சத்திரத்தில் தங்கி, பகலெல்லாம் கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன். "வா மக்கா, திரும்பிப் போயிருவோம்" என்று எத்தனையோ தடவை சொன்னேன். "போனா ஊருல என்ன சொல்லுவாவ மாமி? அங்க போயிட்டா அவிய பாத்துக்கிடுவாவ. அவியளுக்கு இங்க நடக்குது தெரியாதாயிருக்கும்" என்றாள். உனக்காக என்னிடமே வாதாடினாள். நான் தனியாகத் திரும்பினேன்.

அதற்குப் பிறகு உன் கடிதங்கள் ஒழுங்காக வந்தன. "இருவரும் சுகம்" என்று எழுதுவாய். அவள் கையால் ஒரு வரி இருக்காது. எழுதப் படிக்கத் தெரிந்தவள் ஏன் எழுதவில்லை என்று கேட்டால், வேலை அதிகம் என்று பதில் வரும். வீட்டுக்குள் இருக்கிற பெண்ணுக்கு அப்படி என்ன வேலை என்று நான் யோசித்தேன், மேலே யோசிக்கப் பயந்து நிறுத்திக்கொண்டேன். இரண்டு வருஷம் கழித்து, வேறு ஏதோ தோட்டத்துக் கங்காணி கூட்டி வந்த கூட்டத்தோடு அவள் வந்து வாசலில் நின்றபோது எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. காலெல்லாம் அட்டை கடித்த வடு. விரல் நுனியெல்லாம் கறுத்து, என்ன தேய்த்தாலும் போகவில்லை. "காய்ச்சல் மாமி, அதான் அனுப்பிட்டாவ" என்றாள். அதற்குமேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.

இராப்போஜன ஞாயிறு வந்தது. எல்லாரும் எழுந்து முன்னே போனார்கள். அவள் எழும்பவில்லை. அடுத்த முறையும் எழும்பவில்லை. மூன்றாவது முறை உபதேசியார் என்னைத் தனியே கூப்பிட்டு, "மருமகளுக்கு என்ன அம்மா? அங்க ஏதாவது நடந்துதா?" என்று கேட்டார். நம் சபையில் ஒருத்தி பந்திக்குப் போகாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தால் ஊர் என்ன நினைக்கும் என்று உனக்குத் தெரியும். நானும் அதையேதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். "ஏட்டி, உண்மையச் சொல்லு. எனக்க மகனுக்குத் துரோகம் பண்ணினியா?" அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள் மகனே. அழுதிருந்தால் நான் தாங்கியிருப்பேன். "பண்ணினேன் மாமி. ஆனா ஆளு உங்க மகன்தான்" என்றாள்.

அன்றைக்குத்தான் எல்லாம் சொன்னாள். போய் இறங்கியதும் நீ அவளை உன் வீட்டுக்குக் கூட்டிப் போகவில்லை. கூலி ஆட்கள் நெருக்கியடித்துக் கிடக்கிற லயத்தில், வேறு இரண்டு பெண்கள் இருந்த அறையில் விட்டாய். "தகரத்துல வந்திருக்கே. பெண்டாட்டிய தோட்டத்துச் செலவுல கொண்டுவந்தேன்னு தெரிஞ்சா துரை எனக்க வேலையத் தொலைச்சிருவாரு. ரெண்டு மாசம் பொறு, கூலிக் கணக்குல இருந்து பேரை வெட்டிருதேன்" என்றாய். தாலியை ரவிக்கைக்குள் போட்டுக்கொள்ளச் சொன்னாய். இரண்டு மாதம் என்றது இரண்டு வருஷம் ஆயிற்று. காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுகிறவன் நீ. அவள் பெயரையும் மற்றப் பேர்களோடு கூப்பிட்டாய், கொழுந்து குறைந்த நாளில் அவளுக்கும் அரைநாள் கூலி என்று அரைப்பேர் போட்டாய். இதையெல்லாம்கூட அவள் குறையாகச் சொல்லவில்லை. "அது அவிய வேலை மாமி" என்றாள். ஆனால் பொழுது இருட்டினால் நீ லயத்துக்குப் போவாய். கணக்கப்பிள்ளை ஒரு கொழுந்துக்காரியை வைத்திருக்கிறான் என்று பேச்சு எழும்பிற்று. கூட இருந்த பெண்கள் அவள் முகத்துக்கு நேரே காறித் துப்பினார்கள். ஒருத்தி மட்டும், "ஊர்ல புருஷன் இல்லியா உனக்கு?" என்று கேட்டாளாம். இருக்கிறான் என்று மட்டும் சொன்னாளாம்.

தோட்டத்துக் கோவிலில் இராப்போஜனத்துக்கு முந்தின நாள் அங்குள்ள உபதேசியார் அவளைக் கூப்பிட்டு, "உன் நடத்தையைப் பத்தி லயமெல்லாம் பேச்சு. மனந்திரும்புற வரைக்கும் நீ பந்திக்கு வரக்கூடாது" என்று சொல்லியிருக்கிறார். அவள் நேராக உன்னிடம் வந்தாள். "நீங்க ஒரு வார்த்த சொல்லுங்கோ. துரைகிட்ட வேண்டாம், ஊருகிட்ட வேண்டாம், அந்த மனுஷன்கிட்ட மட்டும் சொல்லுங்கோ" என்று கேட்டாள். நீ என்ன சொன்னாய்? "இந்த ஒரு தடவ போகாம இரு. என்ன கெட்டுப்போச்சு?" என்றாய். மறுநாள் அவள் கடைசியில் தரையில் உட்கார்ந்திருந்தாள். நீ முன் பெஞ்சிலிருந்து எழுந்து போனாய். உன்னைத் தடுக்க அந்த உபதேசியாருக்குத் தைரியம் கிடையாது, நீ கணக்கப்பிள்ளை. முழங்கால் போட்டு, அப்பத்தையும் வாங்கினாய், பாத்திரத்தையும் வாங்கினாய். உன்னோடு படுத்ததற்காகத் தள்ளப்பட்டவள் பார்த்துக்கொண்டிருக்க, அவளோடு படுத்த நீ வாயைத் துடைத்துக்கொண்டு இடத்தில் வந்து உட்கார்ந்தாய்.

இதைக் கேட்ட அன்று நான் ஒன்றும் சாப்பிடவில்லை. மறுநாள் நம் ஐயரிடம் போனேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவளுக்கு என் அனுமதியே வேண்டாம் அம்மா, வரச் சொல்லுங்க" என்றார். அவள் வந்தாள். முன் வரிசையில் என் பக்கத்தில் முழங்கால் போட்டாள். ஆகையால் நீ கேட்கிற சான்று உண்மைதான், ஐயரிடம் கேட்டால் இன்றைக்கே எழுதித் தந்துவிடுவார். நான் கேட்கப் போவதில்லை. ஆயிரம் பேருக்கு முன்னால் நீ சொல்ல வேண்டியிருந்த ஒரு வார்த்தையை ஐயர் கையெழுத்தில் வாங்கி உனக்கு அனுப்ப என்னால் முடியாது.

பழையதை மனதில் வைக்க வேண்டாம் என்று அவளிடம் சொல்லச் சொல்லியிருக்கிறாய். பெற்றவளை வைத்து மன்னிப்புக் கேட்கிற பழக்கம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். நான் கொடுத்ததுதான். சின்ன வயதில் நீ அடுத்த வீட்டுப் பானையை உடைத்தால் நான் போய்ச் சமாதானம் சொல்லுவேன், நீ என் பின்னால் நிற்பாய். அப்பா இல்லாத பிள்ளை என்று தூக்கித் தூக்கி வைத்தேன். இனி என் பின்னால் நிற்காதே. இதைக் கேட்கிற மற்றப் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன்: பெண்டாட்டியைக் கூப்பிடுவது என்றால் சீட்டு அனுப்புவது மட்டும் இல்லை. அவள் வந்து இறங்குகிற இடத்தில் பத்துப் பேர் பார்க்க நின்று, இவள் என் மனைவி என்று சொல்ல வேண்டும். அதற்கு வாய் வராதவன் கூப்பிடாமல் இருப்பதே அவளுக்கு நல்லது. வீடு இல்லாவிட்டால் அவள் மரத்தடியிலும் இருப்பாள். வேலை போனால் திரும்பி வந்து மரச்சீனி நட்டுப் பிழைத்திருக்கலாம், நம் ஊரில் யார் பட்டினியாகச் செத்தார்கள்? இப்போது நீ அவளைக் கூப்பிடுவதும் அவளுக்காக இல்லை. பெரிய கிளாக்கர் வீட்டில் பெண்டாட்டி இல்லாவிட்டால் பேச்சு வரும். அந்தப் பேச்சுக்குப் பயந்து கூப்பிடுகிறாய். அன்றைக்கு அவளை மறைத்ததும் பயத்தில்தான்.

அவள் இங்கே நன்றாகத்தான் இருக்கிறாள். லேஸ் பின்ன வருகிற பெண்களுக்கு அவள்தான் இப்போது மேற்பார்வை. சிரித்துப் பேசுகிறாள். தூக்கத்தில் மட்டும் சிலநேரம் எழுந்து உட்கார்ந்து, கூப்பிட்டார்களா என்று கேட்பாள். இல்லை, படு என்பேன்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு கண்ணில் புரை விழுந்துவிட்டது, மற்றதிலும் தொடங்கியிருக்கிறது. டாக்டர் இன்னும் ஒரு வருஷம் ஓடும் என்கிறார். நான் பெற்றது உன் ஒருவனைத்தான். பார்வை இருக்கும்போதே உன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசையாக இருக்கிறது. நீ அனுப்பிய சீட்டில் என் பெயரைத் தடவிப் பார்த்தேன் என்பதையும் மறைக்கவில்லை. ஆனாலும் அவளை இங்கே விட்டுவிட்டு நான் வரமாட்டேன். அவளை அங்கே கூட்டிக்கொண்டும் வரமாட்டேன். இரண்டு சீட்டையும் இதோடு திருப்பி வைத்திருக்கிறேன்.

நீ இங்கே வரலாமே என்று கேட்பாய். வரலாம். வீடு உன் அப்பா கட்டினது, நான் தடுக்கமாட்டேன். ஆனால் வா என்று நான் எழுதமாட்டேன், அதை எழுத வேண்டியவள் அவள். இந்தக் கடிதம் முழுவதையும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். கடைசியில் கொஞ்சம் இடம் விட்டு, "ஒரு வார்த்த எழுது மக்கா. எனக்காக எழுது. எனக்குக் கண்ணு போறதுக்கு முன்ன" என்று பேனாவை நீட்டினேன். என்னைப் பார்த்தாள். பேனாவை வாங்கினாள். வெகுநேரம் கையில் வைத்திருந்தாள். பிறகு, "உங்களுக்காகன்னா எதுவும் செய்வேன் மாமி, இது மட்டும் முடியாது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். அந்த இடத்தை அப்படியே விட்டிருக்கிறேன்.

உன் அம்மை